கைமாறிய அட்டை

பாஸ்போர்ட்டை இன்று காலையிலிருந்து நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டேன். பெயர் சரியாக இருக்கிறது. பிறந்த ஊர் சரியாக இருக்கிறது. பத்தாவது தேறாதவர்களுக்கென்று அச்சடிக்கிற ECR என்ற அந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் கடைசிப் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அதனால் இடைஞ்சல், பத்து நாள் ஊழியத்துக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று மகன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். எனக்கு ஓயவில்லை. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அந்தப் பக்கத்தைத் தட்டி, எதுவரைக்கும் படித்தாய் என்று கேட்பார். பின்னால் நிற்கிற டாக்டர் பிள்ளைகள் எல்லாருக்கும் அது கேட்கும். இப்படி மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எதிலும் கெட்டதே முதலில் தோன்றுகிற புத்தி எனக்கு, உங்களுக்குத் தெரியாததா.

அம்மா போன நாட்டுக்கே மகளும் போகிறாள், என்ன பாக்கியம் என்று நம் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாக எழுதியிருந்தீர்கள். குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பின்வரிசையில் இருந்தவள் மட்டும், பயமாக இருக்கிறதா என்று கேட்டிருந்தாள். அவளுக்கு ஒரு வரி பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். அது ஒரு வரியில் அடங்கவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் ஒரே பாயில் உட்கார்ந்தவர்கள் நாம். எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன். அம்மா தான்சானியாவுக்குப் போன அந்த வருஷம் நீங்கள் எல்லாரும் வந்து பாடி வழியனுப்பினீர்கள். அதில் உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, எட்டாம் வகுப்பு. தம்பிக்கு ஆறு. புத்தாண்டு ஆராதனைக்கு எல்லாரும் முந்தின ராத்திரியே போய்விடுவார்கள். தம்பிக்கு இளைப்பு இருந்ததால் நாங்கள் மட்டும் விடிந்தபிறகு நடக்கும் ஆராதனைக்குப் போனோம். ஆவடியில் மார்கழிப் பனி அன்று கண்ணை மறைத்தது. ஆலயத்துக்குள் ஈர ஸ்வெட்டர் வாசனையும் மெழுகுவர்த்திப் புகையும்.

ஆராதனை முடிந்ததும் போதகரின் மனைவி பித்தளைத் தாம்பாளத்தில் வாக்குத்தத்த அட்டைகளைக் கொண்டுவருவார். நம் வீடுகளில் இன்றைக்கும் அது நடக்கிறது. உள்ளங்கை அளவு அட்டை, ஒரு பக்கம் பூப்படம், மறுபக்கம் ஒரு வசனம். கண்ணை மூடி ஒன்றை எடுக்கவேண்டும். யாருக்கு எது வருகிறதோ அதுதான் அந்த வருஷம் முழுவதும் அவருக்கு ஆண்டவர் சொன்ன வார்த்தை. எங்கள் வீட்டில் அட்டைகளை அப்பா கோந்து தடவி பீரோக் கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டுவார்.

நான் என்னுடையதை அங்கேயே திருப்பிப் பார்த்தேன். ஊரையும் வீட்டையும் உறவையும் விட்டுப் புறப்பட்டு, காட்டப்போகிற தேசத்துக்குப் போகச் சொல்கிற வசனம். எது என்று உங்களுக்குத் தெரியும். சட்டென்று அட்டையைக் கவிழ்த்துக்கொண்டேன். அதற்கு முந்தின ஜூனில்தான் எதிர்வீட்டு அக்காவின் தங்கையைத் தெற்கே விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று அவள் அழுது எழுதிய கடிதத்தை அவர்கள் வீட்டில் வாசித்தபோது நானும் இருந்தேன். என்னையும் அங்கே சேர்க்கலாம் என்று அத்தை ஒருத்தி அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த அட்டையை வீட்டில் எல்லார் முன்னாலும் வாசித்தால் முடிந்தது என்று நினைத்தேன்.

அம்மா தன் அட்டையை ஆலயத்தில் வாசிக்கமாட்டாள். படிக்காமலே பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்து மூடி, வீட்டில் வந்து எல்லாரோடும் சேர்ந்துதான் திறப்பாள். அன்று திரும்பும்போது தம்பிக்கு மூச்சு இழுத்தது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். தண்ணீர்த் தொட்டியடியில் பனிக்குள் அவர்கள் முதுகு மறைந்தது. நான் நின்றேன். அட்டைகளை மாற்றினேன். அவ்வளவு நேரம்தான், ஒரு செருப்பு வாரைச் சரிசெய்கிற நேரம்.

எனக்குக் கிடைத்த அம்மாவின் அட்டை பயப்படவேண்டாம் என்று சொன்னது. அன்றிலிருந்து இன்றுவரை நான் பயப்படாத நாள் கிடையாது.

வீட்டில் அப்பா முதலில் தன்னுடையதை வாசித்தார். அடுத்து அம்மா. பாதியில் நிறுத்தி, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். அப்பா சிரித்தார். எங்கே போகச் சொல்கிறது, மார்க்கெட்டுக்கா என்றார். அம்மா சிரிக்கவில்லை. இட்லித் தட்டில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

*

அம்மா கல்யாணத்துக்கு முன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்தவள். அப்பாவுக்கு ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை கிடைத்து இங்கே வந்தபிறகு, சனிக்கிழமைகளில் ஆலயத்து மருந்தகத்தில் உட்காருவாள். மற்ற நாட்களில் குவார்ட்டர்ஸில் யாருக்கு ஊசி போடவேண்டுமானாலும் கூப்பிடுவார்கள். எவர்சில்வர் டப்பாவில் ஊசியைப் போட்டு ஸ்டவ்வில் கொதிக்கவைப்பாள். சோறு வேகிற சத்தமும் ஊசி கொதிக்கிற சத்தமும் வேறு வேறு. சமையலறைக்குள் போகாமலே எனக்குத் தெரிந்துவிடும்.

பிப்ரவரியில் அந்தக் கடிதம் வந்தது. தான்சானியாவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று போதகர் ஆராதனையில் வாசித்தார். அவரவர் வீட்டில் ஜெபித்துப் பாருங்கள் என்று முடித்துவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். அம்மா எழுந்து நின்றாள். நம் ஆலயத்தில் அப்படி நடுவில் யாரும் எழுந்து நிற்பதில்லை. போதகருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிர்வரிசையிலிருந்து நீங்கள் எல்லாரும் திரும்பி என்னைத்தான் பார்த்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, பிள்ளைகள் என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அம்மா பீரோக் கதவைத் திறந்து காட்டினாள். அப்பா அந்த அட்டையின் முன்னால் வெகுநேரம் நின்றார். தொழிற்சாலையில் வரைபடத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதன்படி இழைக்கிற கை அவருடையது. அளவு சரியா என்று கேட்கிற வழக்கமே கிடையாது. சரி என்றார்.

நான் கட்டிலில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்கலாம். அடி விழும் என்று பயந்தேன். அடுத்த வாரம், ஆலயமே பேச ஆரம்பித்துவிட்டதே என்று பயந்தேன். அதற்கடுத்த வாரம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். ஒவ்வொரு வாரமும் சொல்வது முந்தின வாரத்தைவிடக் கஷ்டமாகிக்கொண்டு போனது.

வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பெண்கள் சங்கம் எங்கள் வீட்டில் கூடி முடிவு செய்தது. ஊரிலிருந்து யாரும் வரமுடியாது. சங்கத் தலைவிதான் சொன்னார், பெண்பிள்ளைதானே, எட்டாவது முடிந்துவிடும், எழுத வாசிக்கத் தெரிகிறது, இரண்டு வருஷம் நிற்கட்டும், அம்மா வந்தபிறகு விட்ட இடத்திலிருந்து படிக்கட்டும் என்று. அதைச் சொன்ன குரலில் எந்தக் கெடுதலும் இல்லை. ஒருவர் விடாமல் தலையாட்டினார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, இவள்தான் எங்கள் சின்ன மிஷனெரி என்றார் தலைவி. அவர் சேலையில் நாப்தலின் வாசனை.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம், கணக்குக்கு மட்டும் பயமில்லை. கணக்கில் விடை ஒன்றுதான். அது ஆளைப் பார்த்து மாறாது. அந்த ஒரு மணிநேரம்தான் என் நெஞ்சு அடித்துக்கொள்ளாமல் இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய விஷயமாகவும் தெரியவில்லை.

*

அம்மா பயந்தாள். யாரும் கவனிக்கவில்லை, பயந்த பிள்ளைக்கு இன்னொரு பயம் தெரிந்துவிடும் அல்லவா, நான் கவனித்தேன். அந்த ஊர்ப் பாஷையான சுவாஹிலி வார்த்தைகளை ரோனியோ மெஷினில் நகலெடுத்த தாள்களில் அனுப்பியிருந்தார்கள். துணி துவைக்கும்போது அதைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்து முணுமுணுப்பாள். வலி, எங்கே வலி, எத்தனை நாளாக. பார்க்கிறவர்கள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து ஓசைப்படாமல் விலகிப்போனார்கள்.

மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட கிண்டிக்குப் போகவேண்டியிருந்தது. அப்பாவுக்கு ஷிப்ட், நான் துணைக்குப் போனேன். ஊரெல்லாம் ஊசி போட்ட அம்மா, தன் முறை வந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் அதைத் தடவிக்கொண்டே வந்தேன். அம்மாவும் பார்த்தாள். இறங்குகிறபோது ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கித் தந்தாள்.

பெட்டி வந்தது. தகரப் பெட்டி. அப்பா அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்து, வெள்ளையில் அம்மாவின் பெயரை எழுதினார். தொழிற்சாலையில் அனுப்புகிற பெட்டிகளில் போடுவதுபோல ஓர் அம்புக்குறி போட்டு, இந்தப் பக்கம் மேலே என்றும் எழுதினார். எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அம்புக்குறிக்கு இரண்டாவது பூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்.

விமானத்துக்கு இருபது கிலோதான் என்பதால், பெட்டியை அப்பாவின் சைக்கிளில் வைத்து விறகுத் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டு போனோம் நானும் அம்மாவும். அங்கே தராசில் நின்றவர் பக்கத்துக் கோவில்பதாகை ஊர்க்காரர். ஏரிப் பாசன நிலத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், நிலமெல்லாம் மனையானபிறகு விறகு நிறுக்க வந்தவர். அம்மா அவர் பிள்ளைக்குத் தினமும் போய் ஊசி போட்டவள்.

"இன்னா நர்ஸ்மா, ஊட்டையே பேத்து உள்ள வச்சிகினு போறியா? இருவத்தாறு கிலோ கீது."

அம்மா அங்கேயே விறகுக் கட்டைகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். புளி, சாம்பார்ப் பொடி, இரண்டு சேலை. ஒரு பொருளை எடுப்பாள், மறுபடி வைப்பாள், வேறொன்றை எடுப்பாள். அவர் கல்லை மாற்றி மாற்றி வைத்தார், சலித்துக்கொள்ளவில்லை.

"புள்ளைங்கள யாரு பாத்துப்பா?" என்று கேட்டார்.

"இவ இருக்காள்லா," என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார்.

"அது சர்தான். இத்த யாரு பாத்துப்பா?"

அம்மா குனிந்து பெட்டியின் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆறு மாசத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

வெளியே எடுத்த எவர்சில்வர் ஊசி டப்பாவுக்குப் பதிலாக, கனம் குறைவாக ஏதாவது வேண்டும் என்று அம்மா வீட்டில் தேடினாள். என் ஜாமெட்ரி பாக்ஸ் அலமாரியில் இருந்தது. மஞ்சள் மூடியில் சின்ன நசுங்கல். "இப்போதைக்கு உனக்கு வேண்டாம்லா" என்று கேட்டுவிட்டு, காம்பஸையும் கோணமானியையும் எடுத்துச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். மரப்பால் வாசனை அடிக்கிற அந்த ரப்பரைக்கூட எடுத்துவிட்டாள். உள்ளே பஞ்சு விரித்து ஊசிகளை அடுக்கினாள். அது கச்சிதமாக இருந்தது. எனக்கே அது தெரிந்தது.

*

பிடி அரிசி உங்களுக்கு நினைவிருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துத் தகர டப்பாவில் போட்டு, மாசக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவருவோம். அந்த மே மாசம் சங்கத்தார் அந்த அரிசி முழுவதையும் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தார்கள். அம்மா போனபிறகு தாய் இல்லாத வீடு பசிக்கக்கூடாது என்று முன்கூட்டியே. பெரிய அன்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மூட்டையைப் பிரித்தால் அறுபது வீட்டு அரிசி. புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி, சன்னம், மோட்டா, ஒரு வீட்டுக் கருப்பு நொய், எல்லாம் ஒன்றாக. அம்மா கற்றுக்கொடுத்தபடி முதல் நாள் நான் வடித்தேன். பாதி குழைந்துபோனது, பாதி பல்லில் கடிபட்டது. இன்னும் கொஞ்சம் வேகவிட்டால் குழைந்தது கஞ்சியானது, வேகாதது அப்படியே இருந்தது. எல்லாம் ஒன்றாக வேகிற நேரம் என்று ஒன்று அந்த மூட்டைக்குக் கிடையாது. கொடுத்த யாருக்கும் அது தோன்றவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். கஞ்சித் தண்ணீர் கையில் பட்டுவிட்டது போலிருக்கிறது என்றார் அப்பா, ஒரு வெள்ளரித் துண்டை அரைத்துக்கொண்டு வந்தார்.

மே கடைசியில் எங்கள் வகுப்பு டீச்சர் வந்தார். அம்பத்தூரிலிருந்து ரயிலில் வருகிறவர், நெற்றியில் குங்குமம் வியர்வையில் கரைந்திருந்தது. நாற்பது பிள்ளைகளில் கணக்கைப் பயமில்லாமல் போடுகிறவள் இவள் ஒருத்திதான், நிறுத்தாதீர்கள் என்று நேராகவே சொன்னார். அப்பா தரையைப் பார்த்தார்.

"இது நாங்க எடுத்த முடிவு இல்ல டீச்சர்," என்றாள் அம்மா.

"பின்ன யாரு எடுத்தா?"

அம்மா பீரோக் கதவைத் திறந்தாள். டீச்சர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, நம் வழக்கம் தெரியாதவர்தான், ஆனாலும் மரியாதையோடு வாசித்தார்.

"இது உங்களுக்கு வந்தது. இவளுக்கு வந்தது எது?"

தம்பி ஓடிப்போய் விரலால் தொட்டுக் காட்டினான். டீச்சர் அதையும் வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதேன்னு போட்டிருக்கே. அப்ப பயப்படாம சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

மின்விசிறி டக் டக்கென்று சுற்றியது. நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். அட்டைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தன. அது என்னுடையது என்று ஒரு விரலை நீட்டினால் போதும். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தாள்.

"அம்மா போகட்டும் டீச்சர்," என்றேன்.

டீச்சர் காபியைக் குடிக்கவில்லை. போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். வைத்த இடம் சாயங்காலம்வரை கனத்தது.

*

புறப்படுவதற்கு முந்தின நாள் மதியம். நீங்கள் எல்லாரும் ஆலயத்தில் வழியனுப்பு விழாவுக்குக் காகிதத் தோரணம் ஒட்டிக்கொண்டிருந்தீர்கள், பாட்டு ஒத்திகை எங்கள் வீடுவரை கேட்டது. அப்பாவும் தம்பியும் அங்கேதான். அம்மா சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் எனக்கு எழுதிவைத்துக்கொண்டிருந்தாள். அரிசி ஒன்றுக்குத் தண்ணீர் எவ்வளவு, தம்பிக்கு இளைத்தால் எந்த மாத்திரையில் எவ்வளவு, மண்ணெண்ணெய் எந்தக் கிழமை. நான் கீழே உட்கார்ந்து அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டி எழுதுவதற்காகக் குதிகாலைத் தூக்கியிருந்தாள்.

"அம்மா, அந்த அட்டை என்னுது."

பென்சில் நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். பனி, தண்ணீர்த் தொட்டி, பாட்டுப் புத்தகம். சொல்லச் சொல்ல நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிக்கொண்டே போனது. இனி எல்லாம் நின்றுவிடும், அம்மா பெட்டியைப் பிரித்துவிடுவாள், ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பித் தருவாள் என்று நினைத்தேன். அம்மா குதிகாலைத் தரையில் வைத்தாள். திரும்பவில்லை.

"ஏட்டி, வேற யாருட்டயாவது சொன்னியா?"

"இல்லம்மா."

முற்றத்துக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அம்மா என்னிடம் பெரிய மனுஷியிடம் பேசுவதுபோலப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"அந்த அட்டை வரதுக்கு முன்னாலயே எனக்குப் போணும்னு இருந்துது. நர்ஸ் படிக்கும்போதே இருந்துது. கல்யாணம் ஆச்சு, நீ பொறந்த, அவன் பொறந்தான். எனக்குப் போணும்னு ஒரு பொம்பள எப்படிச் சொல்லுவா? அட்டை சொன்னா கேப்பாங்க. அதான்."

நான் படிப்பைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டே வருசம்டி. கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள வந்துருவேன்." அவள் அதை நம்பித்தான் சொன்னாள். "நீ சொன்னத நான் கேக்கல. நீயும் சொல்லல. சரியா?"

எழுந்துபோய் விட்ட வரியை முடித்தாள். அதன்பிறகு கெட்டிலைக் கொதிக்கவைத்து, பீரோக் கதவிலிருந்த அந்த அட்டையை ஆவியில் காட்டிப் பெயர்த்து, பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தாள். அந்த இடத்தில் கோந்துத் தடம் மட்டும் நின்றது.

சாயங்காலம் விழாவில் போதகர், தாய் அங்கே போகிறாள், மகள் இங்கே தாங்குகிறாள் என்றபோது நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அம்மா அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள்.

மறுநாள் காலை பம்பாய் ரயில். அங்கிருந்துதான் விமானம். சென்ட்ரலுக்குப் போன வேனில் பெரியவர்களுக்கே இடம் போதவில்லை. அந்த ரயில் ஆவடி வழியாகத்தான் போகும், நிற்காது. இடதுபக்க ஜன்னலில் உட்கார்ந்து நீலக்கரை துண்டைக் காட்டுகிறேன், பிளாட்பாரத்தில் நில்லுங்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். எதிர்வீட்டு அக்காவோடு நானும் தம்பியும் போய் நின்றோம். ரயில் வந்தது. இரும்பு நடுங்கியது, தூசி கண்ணில் அடித்தது. எல்லா ஜன்னலிலும் கைகள். தம்பி, அம்மா எது, அம்மா எது என்று கத்தினான். நான் ஏதோ ஒரு கையைக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துக் கடைசிப் பெட்டி மறையும்வரை கையாட்டினான். இடதுபக்கம் இடம் கிடைக்கவில்லை, உங்களைப் பார்க்க முடியவில்லை என்று ஒன்றரை மாசம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. அந்த வரியைத் தம்பிக்கு நான் வாசிக்கவில்லை.

*

இரண்டு வருஷம் மூன்றரை ஆனது. வேறு நர்ஸ் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். அம்மா மலேரியாவில் பாதியாகி வந்து இறங்கியபோது எனக்குப் பதினேழு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வந்த இரண்டாம் நாள், பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்ப்போமா என்றாள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு ஒன்பதாம் வகுப்புப் பெஞ்சில் என்னை நினைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். ஜாமெட்ரி பாக்ஸ் அங்கேயே தங்கிவிட்டது என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. ஒன்றே ஒன்று மாறியது. அதன்பிறகு ஒவ்வொரு புத்தாண்டும் அம்மா தன் அட்டையைத் தாம்பாளத்தின் முன்னாலேயே திருப்பி வாசித்துவிடுவாள். வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

அம்மா இறந்து ஆறு வருஷம். பச்சைப் பெட்டியின் அடியில் அந்த அட்டை இருந்தது, ஓரம் நைந்து, பின்பக்கம் பழைய கோந்தோடு.

இத்தனை வருஷமும் என்னைத் தின்றது படிப்பு போனது இல்லை. அது போனது போனதுதான். எனக்குப் போகவேண்டும் என்று இருந்தது என அம்மா அன்று சொன்னாளே, அது நிஜமா? பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைச் சுமக்கவேண்டாம் என்று அந்த நிமிஷத்தில் கட்டிச் சொன்னதா? நிஜமென்றால் என்னை விட்டுப் போக அவள் ஆசைப்பட்டாள். பொய்யென்றால் நான்தான் அவளை அனுப்பினேன். இரண்டில் எதை எடுத்தாலும் இன்னொன்றுக்கு ஏங்குவேன். கணக்கில் இப்படி வராது.

நான்கு மாசம் முன்னால் வானகரத்தில் ஒரு மண்டபத்தில் ஊழியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சமையல் உதவிக்குத்தான் போனேன். தான்சானியாவில் மருத்துவ முகாம், முப்பது பேருக்குச் சமைக்க ஓர் ஆள் வந்தால் நன்றாக இருக்கும் என்று அணித் தலைவர் சும்மா சொன்னார். நம் பிள்ளைகள் வயசு டாக்டர் அவர். என் கை உயர்ந்திருந்தது. யோசித்து உயர்த்தவில்லை. அட்டையும் இல்லை, வசனமும் இல்லை, யாரும் என் பெயரைச் சொல்லவும் இல்லை. ஐம்பத்தெட்டு வயசு, முழங்கால் வலி, மகனிடம் கேட்கவில்லை. கை மேலே இருந்தது, கீழே இறக்க மனசில்லை. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் கேட்டபோது அம்மா எப்படி நின்றாளோ அப்படி. அவள் பொய் சொல்லவில்லை.

அது தெரிந்ததும் கோபம் வந்தது, ஒரு வாரம் இருந்தது. அதற்குப்பிறகு அவள்மேல் இரக்கம் வந்தது. ஆசை என்ற வார்த்தையை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் வாய்விட்டுப் பேசியிருக்கலாம். அட்டை சொன்னதாக ஆனதும் பேச இடமில்லாமல் போனது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், பின்வரிசைக்காரி. பயமாகத்தான் இருக்கிறது. விமானம், ஊசி, அந்த மூன்று எழுத்து, முப்பது பேருக்கு அங்கே கிடைக்கிற அரிசி எப்படி வேகும் என்பது, எல்லாம். மகன் கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கி நிறுத்துக் காட்டிவிட்டான், இருபத்திரண்டு கிலோ, இப்போது இருபத்துமூன்றுவரை விடுவார்களாம். நாளை காலையில் ஆட்டோவில் வானகரம், அங்கிருந்து எல்லாரும் ஒன்றாக விமான நிலையம்.

அட்டை இரண்டு இருக்கிறது என்னிடம். பழையதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். அதைக் கையில் எடுத்தால் அது சொல்லித்தான் போகிறேன் என்று ஆகிவிடும். இந்தப் புத்தாண்டில் எனக்கு வந்ததைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது அமைதியாக அமர்ந்திருக்கச் சொல்கிறது. யாருடையதோடும் மாற்றவில்லை.

அணித் தலைவர் கொடுத்த படிவத்தில் ஒரு கட்டம் மட்டும் நான்கு மாசமாகக் காலியாக இருந்தது. இந்தப் பயணத்துக்கு உங்களை அழைத்தது எது என்று கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் வசனம் எழுதியிருக்கிறார்கள். இதை எழுதி முடித்த கையோடு நானும் நிரப்பிவிட்டேன். எனக்குப் போக ஆசை என்று எழுதியிருக்கிறேன்.